பல்லுக் கொழுக்கட்டை கொட்டினோம், பல்லுக்கு வேலை கொடுத்தோமா?

முதற்பல் முளைத்த பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுகிறோம். தேங்காய்ச் சொட்டைப் பல்லுப் பல்லாக வெட்டி மாவில் குத்துவதற்கு முதல்நாளே நாலு பெண்கள் கூடியிருப்போம். புத்தகம், பேனை, கண்ணாடி, காப்பு எல்லாம் முன்னால் பரப்பி, பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்த்துக் கைதட்டுவோம். சுவிசில் மண்டபம் எடுத்து, படம் பிடிக்க ஆள் வைத்துச் செய்பவர்களும் உண்டு. அடுத்த நாள் அதே பிள்ளைக்குச் சோற்றையும் பருப்பையும் கரட்டையும் மிக்சியில் போட்டு, ஒரு பருக்கைகூடத் தட்டுப்படாமல் அரைத்துத் தீத்துகிறோம். அடுத்த மாதமும் அப்படித்தான். அடுத்த வருடமும் அப்படித்தான்.

பல் வந்ததற்கு விழா எடுத்த நாம் அந்தப் பல்லுக்கு ஏன் வேலை கொடுக்கவில்லை, பெற்றோரே?

கோபத்தோடுதான் கேட்கிறேன். அந்தக் கோபத்தில் முதற்பங்கு எனக்கே. என் மூத்தவனுக்கு இரண்டு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது பகற்பராமரிப்பு நிலையத்திலிருந்து, கிற்றா என்கிறோமே, அங்கிருந்து அழைப்பு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒரு வயதுப் பிள்ளைகள் மாக்கறோனியையும் அப்பிள் மசியலையும் கையால் அள்ளிச் சாப்பிடுகிறார்கள், உங்கள் மகன் வாயை இறுக மூடிக்கொண்டு இருக்கிறான், கரட் துண்டு உதட்டில் பட்டாலே அழுகிறான் என்றார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் ஆத்திரம் வந்தது. "எங்கட சாப்பாடு அவையளுக்கு என்ன தெரியும்?" என்று வீட்டில் கத்தினேன்.

பிறகு தாய் தந்தையர் ஆலோசனைக்குப் போனேன். அங்கிருந்த தாதி அவனை நிறுத்தார், அளந்தார், என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "நீங்கள் சாப்பிடுவதை உங்கள் மகன் பார்த்திருக்கிறானா?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அவனுக்கு ஆறு மணிக்குக் கைபேசியைக் காட்டித் தீத்துவேன். நாங்கள் வேலை முடிந்து ஒன்பது மணிக்குச் சாப்பிடுவோம். மனிதர்கள் சாப்பாட்டை வாயில் வைத்து மெல்லுவார்கள் என்பதை என் பிள்ளை அந்தக் கிற்றா மேசையில்தான் முதன்முதலாகக் கண்டிருக்கிறான்.

மெல்லுவது தானாக வரும் என்று நாம் நினைக்கிறோம். வராது. பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சவும் விழுங்கவும் தெரியும்; நாக்கு முன்னும் பின்னும் மட்டும் போகும். ஏழு, எட்டு மாதமளவில் அந்த நாக்கு பக்கவாட்டில் அசையத் தொடங்குகிறது. உணவை ஓரத்து முரசுக்குத் தள்ளி, நசித்து, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து உருட்டி விழுங்குவதை அப்போதுதான் பிள்ளை பழகுகிறது. அரைத்த பசைக்கு நாக்கு திரும்ப வேண்டிய தேவையே இல்லை. தேவை இல்லாததைப் பிள்ளை ஏன் பழகப்போகிறது? "கடைவாய்ப் பல்லு வரட்டும்" என்று காத்திருப்பவர்களே, உங்கள் சுண்டுவிரலைப் பிள்ளையின் முரசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். அவிந்த பூசணியை நசிக்க அந்த முரசு தாராளம்.

இதற்கு ஒரு காலம் உண்டு என்பதை ஆங்கிலேயச் சிறுவர் மருத்துவர் ரொனால்ட் இல்லிங்வேர்த்தும் அவருடைய சகாவும் 1964 இலேயே எழுதினார்கள். மெல்லப் பழகும் பருவத்தில் கட்டியுணவு கிடைக்காத பிள்ளை, பிறகு கொடுக்கும்போது மறுக்கிறது, சத்தி எடுக்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆம் ஆண்டுகளில் கருவுற்றிருந்த பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரோடு தொடங்கிய ஆய்வு அந்தப் பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. கட்டியுள்ள உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே கண்ட பிள்ளைகளுக்கு, ஒன்றேகால் வயதில் சாப்பாட்டுச் சிக்கல்கள் கூடுதலாக இருந்தன. ஒன்பது மாதத்துக்குப் பிறகே கண்டவர்கள், ஏழு வயதிலும் மரக்கறி, பழங்களைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். மிக்சி அப்போதே ஓய்ந்திருக்கும். அதன் தடம் ஏழு வயதிலும் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், எட்டு மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் கையால் எடுத்து உண்ணக்கூடியதைச் சாப்பிடலாம், ஒரு வயதில் வீட்டார் உண்ணும் வகை உணவையே உண்ணலாம் என்கிறது. நம் வீடுகளில் மூன்று வயதிலும் அரைக்கிறோம்.

ஏன் அரைக்கிறோம் என்று எனக்குத் தெரியும். பயம். ஊரில் பிள்ளைக்குப் புரைக்கேறினால் முற்றத்தில் பத்துப்பேர் நிற்பார்கள். இங்கே நாலாம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு தாய் தனியே நிற்கிறாள். அந்தத் தனிமையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதைக் குறை சொல்கிறேன்.

பிள்ளை ஓங்காளிப்பது வேறு, மூச்சடைப்பது வேறு. சின்னப் பிள்ளைக்கு ஓங்காளம் எழும் இடம் நாக்கின் முன்பக்கமாகவே இருக்கிறது. கட்டி கொஞ்சம் உள்ளே போனாலும் அது உடனே வெளியே தள்ளும். முகம் சிவக்கும், கண்ணில் நீர் வரும், இருமும், சத்தம் கேட்கும். அது பிள்ளையின் காவல். நாம் அலறியடித்து வாய்க்குள் விரலை விட்டால் துண்டை உள்ளே தள்ளிவிடுவோம். பிள்ளையும் சாப்பாட்டைக் கண்டு பயப்படும். சத்தம் இல்லாததுதான் ஆபத்து. இரும முடியாமல், அழ முடியாமல், உதடு நீலமாக மாறினால் அது மூச்சடைப்பு. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையை முகம் கீழே இருக்கும்படி முன்கையில் கிடத்தி, தலையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. போகாவிட்டால் திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து. அவசர மருத்துவ உதவிக்கு 144 க்கு அழைப்பு. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நெஞ்சுக்குப் பதில் வயிற்றை அழுத்தும் முறை. இதை வாசித்துப் பழக முடியாது. சமரித்தர் சங்கங்களும் செஞ்சிலுவைச் சங்கமும் சின்னப் பிள்ளைகளுக்கான முதலுதவி வகுப்புகளை நடத்துகின்றன. பல்லுக் கொழுக்கட்டைக்கு மண்டபம் எடுக்கும் காசில் தாயும் தகப்பனும் அம்மம்மாவும் சேர்ந்தே போய்வரலாம்.

உண்மையில் கொடுக்கக்கூடாதவை உண்டு. முழுக் கச்சான், முழு முந்திரிப்பருப்பு, பச்சைக் கரட், முழுத் திராட்சை, தேங்காய்ச் சொட்டு, வட்டமாக வெட்டிய சொசேச். திராட்சையை நீளவாக்கில் நாலாகப் பிளந்து கொடுங்கள். பிள்ளை நிமிர்ந்து இருந்துதான் சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டோ, காருக்குள் பின்னால் இருந்துகொண்டோ அல்ல. என்னை மிகவும் வருத்துவது இதுதான்: கரட்டை அரைத்துக் கொடுக்கும் அதே வீட்டில், பிள்ளை அழுதால் ஒரு பிடி கச்சானைக் கையில் கொடுக்கிறார்கள்.

இனி நம் அடுப்படிக்கு வருவோம். மிக்சியில் இருந்து புட்டு வரை ஏறுவதற்கு நம் சாப்பாட்டிலேயே படிப்படியாக வழி இருக்கிறது. ஆறு மாதத்தில் குழைய அவித்த சோறும் பருப்பும். அரைக்காமல், கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து. ஒரு கிழமை கழித்து விரலால் மட்டும் பிசைந்து. அம்மம்மாமார் விரல் நுனியில் பிசைந்து பார்த்துத்தானே நமக்குத் தீத்தினார்கள்? அந்த விரலுக்குப் பருக்கையின் அளவு தெரியும். மிக்சிக்கு எல்லாம் ஒன்று. எட்டு மாதத்தில் சொதியில் நனைத்த மெல்லிய இடியப்பம், அவித்த உருளைக்கிழங்கு, இரண்டு விரலுக்கிடையில் நசியும் அளவுக்கு அவிந்த கரட் துண்டு. பிறகு அப்பத்தின் நடுப்பகுதி, மெத்தென்ற தோசை, முள் நீக்கிய மீன், அவித்த முட்டை. புட்டு உதிரி என்பதால் கொஞ்சம் பொறுங்கள். வாழைப்பழம் பிசைந்து ஈரமாக்கினால் அதுவும் இறங்கும். பிள்ளைக்கு உரியதை மிளகாய்த்தூளும் உப்பும் போட முன்பே சட்டியிலிருந்து எடுத்து வைத்தால் தனிச் சமையல் தேவையில்லை.

ஒரு நுணுக்கம். தண்ணியான சொதிக்குள் மிதக்கும் சோற்றுப் பருக்கை, ஒரே பதமாகக் குழைந்த கட்டிச் சோற்றைவிடக் கடினம். தண்ணி ஒருபக்கம் ஓட, பருக்கை ஒருபக்கம் நிற்க, சின்ன வாய்க்கு இரண்டு வேலை ஒரே நேரத்தில். "கட்டி குடுத்தன், துப்பிப்போட்டான்" என்று சொல்லும் பலர் கொடுத்துப் பார்த்தது இதைத்தான்.

துப்பினால் தோற்றுவிட்டோம் என்று மிக்சிக்கு ஓடாதீர்கள். புதியதொன்றைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து, சிலவேளை பதினைந்து தடவை வேண்டும். நாம் மூன்றாம் தடவையே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதுகிறோம். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கட்டும், எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும் என்று அமெரிக்க உணவியலாளர் எலின் சட்டர் சொன்னதை நம்மவர் ஏற்கத் தயங்குவார்கள். கிண்ணம் வெறுமையானால்தான் நாம் நல்ல தாய் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் ஊரிலிருந்து "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்று ஒரு குரல் வந்தால் அன்றிரவே அரைத்துக் கைபேசியைக் காட்டித் தீத்துகிறோம். ஊரில் நிலாவைக் காட்டித் தீத்தியபோது பிள்ளை தாயின் இடுப்பில் இருந்தது, தாயோடு பேசியது. கைபேசியைப் பார்க்கும் பிள்ளை வாயில் என்ன இருக்கிறது என்றே அறியாமல் விழுங்குகிறது. மெலிந்ததா என்பதை மருத்துவர் வரையும் வளர்ச்சிக் கோடு சொல்லட்டும்.

கடையில் வாங்கும் உறிஞ்சு பைகளையும் சொல்ல வேண்டும். பழம்தான், சீனி போடவில்லை என்று எழுதியிருக்கும். ஆனாலும் பிள்ளை உறிஞ்சுகிறது, மெல்லவில்லை. இனிப்பு பல்லில் ஊறிக்கொண்டிருக்கிறது. அவசரப் பயணத்துக்கு ஒன்று இருக்கட்டும். தினமும் மூன்று என்றால் அது சாப்பாடு அல்ல. ஊரிலிருந்து சூட்கேசில் வரும் குழந்தை மா டின்களும் அப்படியே. ஹென்றி நெஸ்லே தன் குழந்தை மாவை உருவாக்கியது 1867 இல், இந்த நாட்டின் வெவே நகரில். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இந்தியாவில் விற்ற செரலாக்கில் சீனி சேர்த்திருந்ததையும், சுவிசில் விற்பதில் சேர்க்காததையும் 2024 ஏப்ரலில் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு வெளியிட்டது. "ஊர்ச் சாமான், சத்து" என்று அள்ளி வருவதற்கு முன் டின்னைத் திருப்பி வாசியுங்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் மெல்லும் சிக்கல் பழக்கத்தால் மட்டும் வருவதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்கள், குழாயால் பால் குடித்தவர்கள், சில பதங்களைத் தொடவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு வயதாகியும் எந்தக் கட்டியையும் ஏற்காமல் சத்தி எடுத்தால், ஒவ்வொரு சாப்பாட்டிலும் இருமினால், நிறை இறங்கினால், வெட்கப்படாமல் சிறுவர் மருத்துவரிடம் சொல்லுங்கள். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் அனுப்புவார். தாய் தந்தையர் ஆலோசனைக்குக் கட்டணமும் இல்லை, மருத்துவரின் கடிதமும் தேவையில்லை. "அங்க போனால் பிள்ளையைப் பறிச்சுப்போடுவினம்" என்ற கதையை இன்னும் சொல்லித் திரிபவர்களால்தான் பல பிள்ளைகள் பிந்திப்போகிறார்கள்.

என் மூத்தவன் பழகுவதற்கு எட்டு மாதம் எடுத்தது. முதலில் சோற்றைத் தொட்டான். பிறகு மணந்தான். ஒருநாள் உதட்டில் வைத்துத் துடைத்தான். தகப்பன் வேலை நேரத்தை மாற்றி, கிழமையில் மூன்று நாள் ஆறரைக்கு மேசையில் இருக்கத் தொடங்கிய பிறகுதான் அதுவும் நடந்தது. இளையவளுக்கு மிக்சி எடுக்கவே இல்லை. ஒன்பது மாதத்தில் ஒரு துண்டு இடியப்பத்தோடு கால் மணித்தியாலம் மினைக்கெட்டாள். பாதி தலையில், பாதி நிலத்தில். அம்மா ஊரிலிருந்து வந்து நின்றார். துடைக்கத் துணியோடு எழும்பியவர், பிள்ளை தன் வாயைப் பார்த்துத் தாடையை அசைப்பதைக் கண்டு மறுபடி இருந்து, தானும் ஒரு வாய் இடியப்பத்தை எடுத்து அவளுக்குத் தெரியும்படி மெதுவாக மென்று காட்டினார்.