துருவும் வர்ணமும்

வெளிப்பூச்சைக் கண்டு மயங்குதல் மக்களின் இயல்பு. வீடாயினும் வாகனமாயினும், மேனியின் பளபளப்பைக் கொண்டே பலர் அதனை மதிக்கின்றனர். பழைய மோட்டார் வண்டிகளைப் புதுக்குவோர் இவ்வியல்புக்கு இடங்கொடுப்பாராயின், அதனால் விளைவது ஏமாற்றம் மட்டுமன்று. உயிருக்கே ஊறு நேர்தலும் கூடும். இதனை ஓர் உதாரணத்தால் விளக்க விரும்புகின்றோம்.

இங்கிலாந்திலுள்ள ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. அதற்கு முந்திய எம்.ஜி.ஏ. வண்டிக்குத் தனிச் சேஸி உண்டு, எம்.ஜி.பி.க்கோ அஃது இல்லை. எஃகுத் தகடுகளாலாகிய உடலே பாரம் முழுவதையுந் தாங்குகிறது. கதவுகளின் கீழ் இருபுறமும் நீண்டு கிடக்கும் 'சில்' என்னும் பெட்டி போன்ற பகுதிகளே அவ்வுடலுக்குப் பேராதாரம். அவற்றினுள் ஈரமும் சேறும் தங்கும். குளிர்காலத்தில் பனியை உருக்கச் சாலைகளில் தூவும் உப்பும் வந்து சேரும். துரு உள்ளிருந்தே அரித்து வரும். வெளியே வர்ணம் கொப்புளிக்கக் காணும்போது, உள்ளே தகடு பெரும்பாலும் மடிந்திருக்கும்.

அலுமினியத்தின்மேல் உண்டாகும் ஆக்ஸைடுப் படலம் இறுகப் பற்றி அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துருவோ அத்தன்மைத்தன்று. அது தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடங்கொண்டு, பொருக்காய் உதிர்ந்து, நீருக்கும் பிராணவாயுவுக்கும் மீண்டும் வழிவிடும். ஆதலின் துருவின்மேற் பூசிய வர்ணம் நில்லாது.

"ஆண்டில் சில நாளே ஓடும் வண்டிக்குப் பட்டி பார்த்து வர்ணம் அடித்தாற் போதாதோ?" என்பர் சிலர். பட்டி பள்ளத்தை நிரப்புமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. வண்டியின் குறையறியாது வாங்கியவன், மோதல் நேர்ந்த நாளிலன்றோ அதனை அறிவான்! "யாவற்றையும் புதிதாகவே மாற்றிவிடுக" என்பர் வேறு சிலர். 1988இல் எம்.ஜி.பி.க்குப் புதிய முழு உடலே செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தமையால், அஃது அரிய செயலுமன்று. ஆயினும், நல்ல நிலையிலுள்ள பகுதியையும் எறிந்துவிடுதல் பழமையைப் பேணுதலாகாது.

நடுவழியே நல்வழி என்பது எமது துணிபு. துளைவிழுந்த தகட்டை நல்ல இரும்பு தோன்றுமளவும் வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைத்தல் வேண்டும். கூரையற்ற வண்டியாயின், சில் பகுதியை அறுக்குமுன் கதவு வாயிலின் குறுக்கே முட்டுக்கொடாவிடில் உடல் தொய்ந்து கதவு பொருந்தாது போம். துளையற்ற பகுதிகளைக் கம்பிப் பிரஷினால் தேய்த்து, எஞ்சிய துருவைப் பாஸ்பாரிக் அமிலத்தால் மாற்றலாம். வன்மையான துகள்களைக் காற்றழுத்தத்தால் வீசித் தேய்க்கும் முறை கனத்த உறுப்புக்களுக்கு ஏற்றது. மெல்லிய தகடு அதனால் நெளிந்துவிடும். கடினமாக்கப்பட்ட ஸ்பிரிங்குகளை அமிலத்தில் நெடுநேரம் இடலாகாது. ஹைட்ரஜன் உட்புகுந்து அவற்றை முறியச் செய்யும். இரும்பு வெளிப்பட்டவுடனே, ஈரம் படுமுன், பிரைமர் பூசுக. அஃது உலர்ந்தபின் வர்ணம் இடுக. கையும் பிரஷும் எட்டாத உட்புறங்களில் மெழுகுக் குழம்பைச் செலுத்துக.

வர்ணம் மூடுமுன் ஒவ்வொரு நிலையையும் புகைப்படமெடுத்து வைத்தலும் நன்று. பின்னர் வண்டியை வாங்குவோன் வர்ணத்தின் அடியில் இருப்பதை அறிய உரிமையுடையவன்.

துருவினால் வரும் கேட்டைத் திருமறையும் எடுத்துக் காட்டியிருத்தலை நம் கல்லூரி மாணவர் அறிவர். வண்டியைக் காண்போர் வர்ணத்தையே புகழ்வர். சில் பகுதியைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலர். அச்சிலருங்கூடக் காணாதவிடத்தும் வேலை செம்மையாயிருத்தல் வேண்டும். அதுவே தொழிலில் நேர்மை எனப்படும். பட்டறையில் நிற்பினும் பரீட்சைக்குப் படிப்பினும், மாணவர் கைக்கொள்ளத்தக்கது அதுவே என்போம்.