கிருமியின் தடத்தை மறைக்கலாமா?

நோய்க்கிருமி மாவட்ட எல்லையை அறியாது. கம்பத்தில் காய்ச்சலுற்ற ஒருவர் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரலாம். உயர் சிகிச்சைக்காக மதுரைக்கும் செல்லலாம். அவரோடு அவர் உடலிலுள்ள பாக்டீரியாக்களும் பயணம் செய்கின்றன. அவற்றுள் மருந்துக்கு அடங்காதவை இருப்பின், அவை எங்கே தொற்றின? யாரிடமிருந்து யாருக்குப் பரவின? இவ்வினாக்களுக்கு விடை தேட உதவுவதே மரபணு வரிசையைப் படிக்கும் அறிவியல்.

மருத்துவமனைகளில் பரவும் கிளெப்சியெல்லா நிமோனியே என்னும் பாக்டீரியாவின் மரபணுத் தொகுப்பு ஏறத்தாழ 55 இலட்சம் எழுத்துகளால் ஆனது. இரு நோயாளிகளிடம் எடுத்த பாக்டீரியாக்களுக்கிடையே மிகச் சில எழுத்துகளே வேறுபட்டால், அவை அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை எனக் கருதலாம். 2011இல் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி மருத்துவமனை ஒன்றில் இக்கிருமி 18 பேரிடம் காணப்பட்டது. முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரங்களுக்குப் பின்னரே அடுத்தவரிடம் அது தென்பட்டது. ஆயினும், பரவல் அம்முதல் நோயாளியிடமிருந்தே தொடங்கியது என்பதை மரபணு ஆய்வு புலப்படுத்தியது.

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கார்பபெனம் என்னும் வலிமைமிகு மருந்துகளையும் சிதைக்கும் நொதியை உருவாக்கும் மரபணு, சென்னையிலும் அரியானாவிலும் பரவியிருப்பதை 2010இல் ஓர் ஆய்வு வெளிப்படுத்தியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. அம்மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வல்லது. ஆனால், அதற்குப் 'புது தில்லி' எனப் பெயரிட்டது தகுமா என்பதே பெரும் விவாதமாயிற்று. நோய்க்கு ஊர்ப்பெயர் சூட்டலாகாது என்பது நியாயமே. அதற்காகக் கிருமியை மறந்தால் இழப்பு நமக்கே.

மாவட்ட மருத்துவமனைகளில் காணப்படும் அடங்காக் கிருமிகளின் மரபணு வரிசையும் தவறாது படிக்கப்பட வேண்டும். நோயாளியின் அடையாளத்தைக் காத்து, முடிவுகளை மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும். செலவு மிகும் எனச் சிலர் கூறலாம். கருவி எல்லா ஊரிலும் இருக்க வேண்டியதில்லை. மாதிரிகளை ஆய்வகத்திற்கு அனுப்பினாலே போதும். மக்கள் அஞ்சுவர் என்பாரும் உண்டு. மறைத்த செய்தி வதந்தியாக வெளிவரும்போதுதான் அச்சம் பெருகும்.

முல்லைப் பெரியாற்று வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால், உழவர் அதனை மூடி மறைப்பதில்லை; உடைந்த இடத்தைத் தேடி அடைக்கின்றனர். மருத்துவமனைக்கும் அதுவே நெறி. கிருமி இருப்பது கண்டறியப்படுவது இழுக்கன்று. கண்டறிந்த பின்னும் கைகளைத் தூய்மை செய்யாமல், தொற்றுற்றோரைத் தனியே பேணாமல் வாளாவிருப்பதே இழுக்கு.