டிஸ்க்கை இழுக்கறதுக்கு முன்னாடி விஜிஎஸ் அடிங்க

மக்களே, லினக்ஸ் விர்ச்சுவல் மெஷின்ல இடம் பத்தலைன்னா உடனே வெளியில போய் டிஸ்க் அளவை ஏத்தறது நம்மள்ல பல பேருக்கு ஒரு வியாதி. எனக்கும்தான்.

என் உபுண்டு சர்வருக்கு 40 ஜிபி குடுத்திருந்தேன். பழைய பதிவுகளோட பேக்கப், பையன் போட்டோ எல்லாம் அதுலதான். வேற காப்பி கிடையாது (திட்டாதீங்க). போன வாரம் ராத்திரி ரூட் 97% காட்டுச்சு. வர்ச்சுவல்பாக்ஸ்ல 80 ஆக்கிட்டு உள்ள வந்து டிஎஃப் அடிச்சா, மொத்தமே 20 கூட இல்லை! எஃப்டிஸ்க்ல பார்ட்டிஷனை அழிச்சுட்டுப் புதுசா போடலாம்னு 'டி' அடிச்சாச்சு. 'டபிள்யூ' அடிச்சு எழுதற நேரத்துல கை நடுங்கி, 'க்யூ' அடிச்சு ஓடி வந்துட்டேன்.

அப்புறம்தான் விஜிஎஸ் போட்டுப் பார்த்தேன். எல்விஎம் உள்ள கிட்டத்தட்ட 19 ஜிபி யாருக்கும் ஒதுக்காம முதல் நாள்லேருந்தே சும்மா கிடக்கு. இன்ஸ்டாலர் அதைத் திரையில காட்டத்தான் செய்யுது, படிக்காம எண்டர் தட்டினது நான். எல்விஎக்ஸ்டெண்ட் கூட மைனஸ் ஆர் சேர்த்து ஒரே வரி. ஃபைல்சிஸ்டமும் சேர்ந்து வளர்ந்துடுச்சு, ரீபூட்கூட வேணாம்.

பாதியை ஒதுக்காம விடறது தப்புன்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது. இஎக்ஸ்டி4-ஐ ஓடும்போதே வளர்க்கலாம், சுருக்கணும்னா அன்மவுண்ட் பண்ணணும். ரூட்டை எப்படி அன்மவுண்ட் பண்றது?

அந்த 80 ஜிபி அப்படியேதான் நிக்குது. வர்ச்சுவல்பாக்ஸ்ல டிஸ்க்கைப் பெருசாக்கத்தான் முடியும், திரும்பச் சின்னதாக்க முடியாது :-)