கதவை அடைத்தோம், கிண்ணத்தைக் கவனித்தோமா?

சிங்கப்பூரின் வீவக வீடுகளில் பூனை வளர்க்க முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. இப்போது ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமம் பெற வேண்டும், மைக்ரோசிப் பொருத்த வேண்டும், பூனை வெளியே திரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைப் பற்றி நிறையவே பேசிவிட்டோம். எந்தச் சன்னலுக்கு எப்படி வலையடிப்பது என்பதுகூடப் பலருக்கு அத்துப்படி. ஆனால், அந்த வலைக்கு உள்ளே வாழும் பூனையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதைப் பேசத் தொடங்கினால், “எங்கள் பாட்டி வீட்டுப் பூனை மீன்குழம்புச் சோறு தின்றே பல காலம் வாழ்ந்ததே!” என்று யாராவது சொல்வார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்தப் பூனை பகலில் நம் சோற்றைத் தின்றது. இரவில் எலி, பல்லி, குருவி என்று வேட்டையாடியது. நாம் போட்ட சோறு அதற்கு நொறுக்குத்தீனி. எலிதான் சாப்பாடு. பன்னிரண்டாவது மாடியில், வலையடித்த சன்னலுக்குப் பின்னால் இருக்கும் பூனைக்கு அந்த வழி இல்லை. நாம் கிண்ணத்தில் போடுவது மட்டுமே அதன் உணவு. அதில் ஒரு சத்து இல்லையென்றால், அது வேறெங்கும் கிடைக்காது.

எலியில் உண்டு, சோற்றில் இல்லை

பூனை இறைச்சி உண்டே வாழ வேண்டிய விலங்கு. இது விருப்பம் சார்ந்த செய்தியன்று, உடலமைப்பு சார்ந்தது. டாரின் என்ற சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் உடல் அதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையின் உடலால் போதிய அளவு தயாரிக்க முடியாது. எலியின் தசையிலும் இதயத்திலும் அது தாராளமாக உண்டு. சோற்றில் இல்லை. டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை பழுதாகும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்கிறது. பூனையின் உடலால் அதுவும் முடியாது. ஈரல் போன்ற விலங்குணவிலிருந்தே அதற்கு அந்த வைட்டமின் கிடைக்க வேண்டும்.

இதில் நிபுணர்களே தடுமாறியிருக்கிறார்கள். 1987ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த பால் பியோனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடையில் வாங்கிய உணவைத் தின்ற பூனைகளுக்கு இதயத் தசை நோய் வந்ததற்கு டாரின் குறைவே காரணம் என்று அது காட்டியது. டாரின் கொடுத்ததும் பூனைகளின் இதயம் தேறியது. அதன் பிறகே தயாரிப்பாளர்கள் தங்கள் உணவில் டாரின் அளவை உயர்த்தினார்கள்; அந்த நோயும் வெகுவாகக் குறைந்தது. தொழிற்சாலைகளே தவறவிட்ட ஒன்றை, நம் அடுக்களையில் கண்ணளவாகச் சரிசெய்துவிடலாம் என்று நம்புவது துணிச்சல்தான்.

சைவ உணவு உண்ணும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நெறியை மதிக்கிறேன். ஆனால், தயிர்ச்சோறு பூனைக்கு உணவாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலே செரிப்பதில்லை. வீட்டில் இறைச்சி சமைக்க வேண்டாம். கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிக் கொடுங்கள். அதற்கும் மனம் இடம் தரவில்லை என்றால், பூனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

தண்ணீரும் உணவுதான்

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்றுப் பழகிய இனம் என்பதால், பூனைக்குத் தாக உணர்வு குறைவு. எலியின் உடலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் நீர். டின்னில் வரும் ஈர உணவிலும் முக்கால் பங்கு நீர்தான். உலர் உணவிலோ ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. உலர் உணவை மட்டும் தின்னும் பூனை அந்தக் குறையைக் குடித்து முழுமையாக ஈடுசெய்வதில்லை. சிறுநீர் கெட்டிப்படும், சிறுநீர்ப்பைத் தொல்லைக்கு அது துணைபோகும்.

ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகலானது. மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கக்கூடிய அவசரம் அது.

ஈர உணவு விலை அதிகம் என்பது நியாயமான குறை. நாளுக்கு ஒரு வேளையாவது அதைக் கொடுத்து, மற்ற வேளைக்கு உலர் உணவு போடலாம். உலர் உணவில் சிறிது தண்ணீர் கலந்தும் கொடுக்கலாம். நம் வெப்பத்தில் அது விரைவில் கெடும், மிச்சத்தை அகற்றிவிடுங்கள்.

அன்பை அளந்து போடுங்கள்

நான்கு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி போதும். உலர் உணவில் அது 50 முதல் 60 கிராம்தான். ‘பாவம், பசிக்கும்’ என்று ஐந்து கிராம் கூடுதலாகப் போட்டால், அன்றாடத் தேவையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிவிடுகிறீர்கள். காலை முதல் இரவு வரை நிரம்பியே இருக்கும் கிண்ணம் நம் மனத்துக்கு நிறைவு தரும்; பூனைக்குப் பருமனைத் தரும். பருமன் நீரிழிவுக்கும் மூட்டு வலிக்கும் வழிவிடும். கொழுத்த பூனை அழகு என்று படமெடுத்து மகிழ்வதை நாம் நிறுத்த வேண்டும்.

அதற்காகத் திடீரென்று பட்டினி போடவும் கூடாது. பருமனான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம். விலங்கு மருத்துவரின் ஆலோசனையுடன், மெதுவாகவே எடையைக் குறைக்க வேண்டும்.

இந்த வாரம் மூன்று வேலைகளைச் செய்யுங்கள். முதலாவது, உணவுப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். அது முழுமையான, சமச்சீரான உணவா, இடையில் கொடுக்கும் துணை உணவா என்று அதில் எழுதியிருக்கும். துணை உணவு மட்டுமே என்றால் அன்றாடச் சாப்பாட்டை மாற்றுங்கள். ஒரே நாளில் அல்ல, ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக. இரண்டாவது, கை அளவை விட்டுவிட்டு, அடுக்களைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மூன்றாவது, பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள். பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். மாதம் ஒருமுறை அதைக் குறித்து வையுங்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து எதையும் போடாதீர்கள். நம் குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பூனையின் பாதுகாப்புக்காகவே கதவை அடைக்கிறோம். சாலை விபத்திலிருந்தும் மாடியிலிருந்து விழுவதிலிருந்தும் அது தப்புகிறது. அதே நேரத்தில், தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் வாய்ப்பையும் இழக்கிறது. அந்த இழப்பை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும். உரிமமும் வலையும் சட்டம் கேட்பவை. சரியான கிண்ணத்தைக் கேட்கும் அதிகாரி யாரும் வரப்போவதில்லை. பூனைக்கும் கேட்கத் தெரியாது.