அல்லேலூயாவும் ஒம்போதும்

அரசுப் பள்ளி மாணவனுக்குப் பேச்சு சுதந்திரம் இருக்கா என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் சிரிப்போம். காலையில் அசெம்ப்ளியில் குறள் சொல்லலாம், தலைப்புச் செய்தி வாசிக்கலாம், ஆண்டு விழாவில் ஆடலாம். அதுக்கு மேல வாயைத் திறந்தா "ரொம்பப் பேசற, வெளிய போய் முட்டி போடு". இதுதான் நமக்குத் தெரிஞ்ச அரசியல் சட்டம்.

ஆனா கோர்ட்டுல இருக்கிற கதை வேற. 1985 ஜூலையில், கேரளாவின் கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர் என்ற ஊரில், அரசு உதவி பெறும் ஒரு பள்ளி மூணு பிள்ளைகளை வெளியே அனுப்பியது. ஒரு அண்ணன், ரெண்டு தங்கச்சிங்க. என்ன குற்றம்? தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்னாங்க, மரியாதையாதான் நின்னாங்க, ஆனா பாடல. அவங்க யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவங்க. கடவுளைத் தவிர வேறு எதையும் பாடித் தொழக்கூடாது என்பது அவங்க நம்பிக்கை. கேரள உயர் நீதிமன்றம் கைவிரிச்சது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர்.

அந்தத் தீர்ப்புல எனக்குப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. அந்த நம்பிக்கை சரியா, அறிவுக்குப் பொருந்துதா என்ற ஆராய்ச்சிக்கே நீதிமன்றம் போகல. உண்மையா, மனசார நம்புறாங்களா என்று மட்டும் பார்த்தது. பேசும் உரிமைக்குள்ள பேசாம இருக்கிற உரிமையும் அடக்கம் என்றது. பத்தாவது படிக்கிற ஒரு பையனோட மௌனத்துக்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் காவல் நின்னிருக்கு. நம்ம ஸ்கூல்ல இதை யாரும் சொல்லித் தரல.

இதை ஏன் இப்போ இழுக்கிறேன்? நம்ம ஏரியா அப்படி. ராயபுரத்துல நின்னு ஒரு சுத்து சுத்தினா தூய பேதுரு ஆலயம், பள்ளிவாசல், அம்மன் கோயில் எல்லாம் வரும். போதாக்குறைக்குப் பார்சிகளின் அக்கினிக் கோயில் வேற. திருவொற்றியூர்ல வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கூட்டத்துக்குள்ள பூந்து வர்றதுக்குள்ள பஸ் போயிடும். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தெருவுக்கு ஒரு ஜெப வீடு. இந்த எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அரசுப் பள்ளியில, ஒரே பெஞ்சுல உக்காருறாங்க. நான் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளியில படிச்சவன், அந்த பெஞ்சு எனக்குக் கிடைக்கல. ஆனா என் தெரு நண்பர்கள் ரெண்டு பேர் அந்த பெஞ்சுல இருந்தாங்க. இந்தக் கட்டுரை அவங்களைப் பத்தினது. ரெண்டு பேருமே அனுமதி கொடுத்திருக்காங்க, பேர் மட்டும் கிடையாது.

ஒருத்தன் பெந்தெகொஸ்தே. ஆயுத பூஜைக்கு கிளாஸ்ல பொரி கடலை கொடுத்தா வாங்க மாட்டான். அவன் தங்கச்சி பொட்டு வைக்காது, பூ வைக்காது. ஏழாம் வகுப்பிலிருந்து அவன் பேர் "அல்லேலூயா". இன்னொருத்தன் கொஞ்சம் மென்மையா பேசுவான், கபடிக்குக் கூப்பிட்டா வர மாட்டான், கோலம் நல்லாப் போடுவான். அவன் பேர் "ஒம்போது". அந்தப் பேரை முதல்ல வெச்சது பசங்க இல்ல. பி.டி. பீரியட்ல ஒரு பெரிய மனுஷன், எல்லார் முன்னாடியும். பசங்க அதை அஞ்சு வருஷம் பத்திரமா வெச்சுக்கிட்டாங்க. அவன் தன்பால் ஈர்ப்பு உள்ளவன் என்பது அவனுக்கே பத்தாவதுலதான் புரிஞ்சுது. வகுப்புக்கு மூணு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருந்துச்சு போல.

இப்போ முக்கியமான விஷயம். அல்லேலூயாகிட்ட நான் நேரா கேட்டேன்: "உன் சபை இதைப் பாவம்னுதானே சொல்லுது?" அவன் தயங்கவே இல்ல. "ஆமா, சொல்லுது. வேதத்துல இருக்கு. உனக்காக அதை மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா அவனை ஒம்போதுன்னு கூப்பிட்டவன் சட்டையைப் புடிச்சது நான்தான், அதையும் எழுது." எழுதிட்டேன்டா.

மேடைப் பேச்சுல இந்த ரெண்டு பேரையும் எதிரெதிர் அணியா நிறுத்துறதுதான் வழக்கம். மத நம்பிக்கை ஒரு பக்கம், தன்பால் ஈர்ப்பாளர் உரிமை ஒரு பக்கம், நடுவுல ஒரு நெறியாளர். 2013ல உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்த வழக்குல அப்படித்தான் நடந்துச்சு. ஒரு ஜோதிடர், முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியம், கிறிஸ்தவ சபைகளின் கூட்டமைப்பு எல்லாரும் ஒரே பக்கம். மத நல்லிணக்கத்துக்கு நம்ம நாட்டுல இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது! அந்தப் பிரிவே 1860ல வெள்ளைக்காரன் எழுதினது என்பதும், கூவாகத்துல கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கிற திருநங்கையரின் பக்தியும் மதம்தான் என்பதும் அங்கே எடுபடல. 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில், ஐந்து நீதிபதிகள் அதை மாற்றினார்கள். பெரியவர்கள் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று ஆச்சு.

ஆனா பெஞ்சுல பார்த்தா அவங்க ரெண்டு பேரும் எதிரி இல்ல. ரெண்டு பேரையும் அடக்கினது ஒரே கைதான். "எல்லாரும் செய்றாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்ற கேள்வி. பொரியை வாங்காதவனுக்கும் கபடிக்கு வராதவனுக்கும் அதே கேள்விதான். கிடங்கூர் பிள்ளைகளைக் கேட்டதும் அதைத்தான்.

அதனால என் வாதம் இதுதான். அல்லேலூயாவுக்குத் தன் நம்பிக்கையைச் சொல்ல உரிமை இருக்கணும், "என் சபை இதைத் தப்புன்னு சொல்லுது" என்பது உட்பட. ஒம்போது என்று அழைக்கப்பட்டவனுக்குத் தான் யார்னு சொல்ல உரிமை இருக்கணும், சொல்லாம இருக்கவும் உரிமை இருக்கணும். "அப்போ ரெண்டும் மோதுமே?" மோதும். மோதட்டும். ஒரு கருத்தைச் சொல்றதும் ஒருத்தன் மேல பட்டப்பேரை எறியறதும் ஒண்ணு இல்ல. முன்னதுக்குப் பதில் சொல்லலாம். "ஒம்போது"க்கு என்ன பதில் சொல்ல முடியும்?

அமெரிக்காவுல இந்த மோதல் கோர்ட் வரை போயிருக்கு. அங்கே கேலிக்கு ஆளாகிற தன்பால் ஈர்ப்பு மாணவர்களுக்காக, ஒரு நாள் முழுக்கப் பேசாம இருக்கிற வழக்கம் சில பள்ளிகள்ல உண்டு. 2004ல கலிஃபோர்னியாவின் போவே என்ற இடத்தில், அதுக்கு எதிரா ஒரு மாணவன் இது வெட்கக்கேடு என்ற பொருளில் வேத வசனக் குறிப்போட டீ சர்ட் போட்டு வந்தான். பள்ளி தடுத்தது சரிதான் என்று 2006ல மேல் முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவன் படிப்பு முடிஞ்சு போனதால உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையே பிறகு ரத்து பண்ணிடுச்சு. இல்லினாய் மாநிலத்தில் இதே போல, ஆனா மென்மையான ஒரு வாசகம் போட்ட மாணவியின் பக்கம் இன்னொரு மேல் முறையீட்டு நீதிமன்றம் நின்னது. எனக்கு இல்லினாய் தீர்ப்புதான் பிடிச்சிருக்கு. மனசு புண்படும் என்று சொல்லிக் கருத்தையெல்லாம் தடை செய்ய ஆரம்பிச்சா, நாளைக்கு முதல்ல தடையாகப் போறது வானவில் பேட்ஜ்தான். நம்ம ஊர்ல மெஜாரிட்டி யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

ஆனா ஒரு நிபந்தனை. இதெல்லாம் மாணவன் பேசினா. மைக் பிடிச்சிருக்கிற பெரியவங்க கதை வேற.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகள்ல மகாவிஷ்ணு என்பவர் பேசினது ஞாபகம் இருக்கும். தன்னம்பிக்கை உரை என்று கூட்டிட்டு வந்தாங்க. அவர் போன ஜென்மம், பாவ புண்ணியம், உடல் குறையோட பிறக்கிறதுக்குக் காரணம் என்று போனார். பார்வை மாற்றுத்திறனாளியான ஒரு தமிழ் ஆசிரியர் எழுந்து தடுத்துக் கேட்டார். வீடியோவை எல்லாரும் பார்த்தோம். தலைமை ஆசிரியர்கள் மாற்றப்பட்டார்கள், செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைதானார். கைது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த ஆசிரியர் கேட்டதே போதுமானது. ஆனா அதைப் பேச்சு சுதந்திரம்னு சொன்னவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. முழுக்க அரசுப் பணத்துல நடக்கிற பள்ளியில மத போதனை கூடாதுன்னு அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு தெளிவா சொல்லுது. அந்தப் பிள்ளைகள் எழுந்து போக முடியாது, அதுதான் விஷயம். டீக்கடையில பேசினா நான் டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிடுவேன். அசெம்ப்ளியில அப்படி முடியுமா? அதே மைக்ல ஒருத்தர் வந்து "விபூதி வெச்சவன் முட்டாள்"னு பேசினாலும் எனக்கு இதே கோபம்தான். பி.டி. பீரியட்ல பட்டப்பேர் வெச்ச பெரிய மனுஷனும் இதே கணக்குலதான் வர்றார். அவர் கையில மைக் இல்ல, விசில் இருந்துச்சு.

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கலர் கயிறு, மோதிரம், நெற்றித் திலகம் எல்லாத்தையும் பள்ளியில தடை செய்யலாம்னு சொன்னது. கயிறு சரி. அது சாமிக்குக் கட்டினது இல்ல, சாதிக்குக் கட்டினது. திலகத்துல எனக்கு ஒப்புதல் இல்ல. திலகம் ஒரு அடையாளம்னா, அல்லேலூயாவின் தங்கச்சி நெற்றியில பொட்டு இல்லாததும் அடையாளம்தான். அதை என்ன பண்ணுவீங்க? 2022 அக்டோபரில் கர்நாடக ஹிஜாப் வழக்குல உச்ச நீதிமன்றம் ரெண்டா பிரிஞ்சப்போ, நீதிபதி துலியா இந்த கிடங்கூர் தீர்ப்பைத்தான் கையில எடுத்தார். ஒரு பெண் பிள்ளை பள்ளி வாசலைத் தாண்டி உள்ளே வர்றதே பெரிய விஷயம் என்பதுதான் அவருடைய கவலை. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

சரி, மறுபக்கத்துக்குச் சட்டம் என்ன கொடுத்திருக்கு? நிறைய கொடுத்திருக்கு, அதுவும் நம்ம ஹைகோர்ட்டுல, பாரிமுனையில, நம்ம வீட்டுலேர்ந்து ஒரே பஸ் தூரத்துல. மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் சேர்ந்து வாழச் சென்னைக்கு வந்தாங்க. வீட்டுல காணாமல் போனதாப் புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை தொடங்குச்சு. அவங்க பாதுகாப்பு கேட்டுப் போட்ட வழக்குல, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். அதுக்கு முன்னாடி, தனக்கு இந்த விஷயம் முழுசாப் புரியல என்று வெளிப்படையாச் சொல்லி, ஒரு உளவியல் ஆலோசகர்கிட்ட உக்காந்து கேட்டுக்கிட்டார். ஹைகோர்ட் ஜட்ஜுங்க! நம்ம டிபார்ட்மெண்ட்ல ஒரு டவுட் கேட்டா என்ன முகம் கிடைக்கும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த உத்தரவுல பள்ளி, கல்லூரிகளுக்குன்னே தனிப் பகுதி இருக்கு. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல இதைப் பத்திப் பேசணும். பாலின வேறுபாடில்லாத கழிப்பறை வேணும். மருவிய பாலினத்தவர் சான்றிதழ்ல பேரையும் பாலினத்தையும் மாத்திக்க வழி வேணும். புரிஞ்சுக்கிற ஆலோசகர் வேணும். அதே வழக்குல தொடர்ந்து கேட்டதாலதான் 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, இவங்களை மரியாதையா குறிப்பிடும் தமிழ்ச் சொற்களை அரசிதழ்ல வெளியிட்டது. இது சின்ன விஷயம் இல்ல. "திருநங்கை" என்ற சொல் வர்றதுக்கு முன்னாடி நம்ம தெருவுல என்ன சொல்லுவாங்கன்னு பெரியவங்களைக் கேளுங்க. என் நண்பனுக்கு அஞ்சு வருஷமா தமிழ்ல இருந்த ஒரே சொல் ஒரு நம்பர்.

காகிதத்துல இவ்வளவு இருந்தும் வகுப்பறைக்கு ஏன் வரல? பயம். 2021ல என்சிஇஆர்டி, திருநர் குழந்தைகளைப் பள்ளியில எப்படிச் சேர்த்துக்கிறதுன்னு ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு போட்டது. எதிர்ப்பு கிளம்பினதும் சில நாள்லயே இணையதளத்துலேர்ந்து காணாமப் போச்சு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைக் கண்டிச்சார். ஒரு மத்திய நிறுவனமே அப்படின்னா, நம்ம தலைமை ஆசிரியரை என்ன சொல்றது?

காலேஜ் மட்டும் ஒழுங்கான்னு கேட்காதீங்க. 2015ல ஐஐடி மெட்ராஸ்ல அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தோட அங்கீகாரத்தை ஒரு மொட்டைக் கடுதாசிக்காகப் பறிச்சு, நாடே கேட்ட பிறகு திரும்பக் கொடுத்தாங்க. நம்ம லெவலுக்கு, எனக்குத் தெரிஞ்ச ஒரு கல்லூரியில பட்டிமன்றத் தலைப்புப் பட்டியல்ல "தன்பால் திருமணம்" இருந்துச்சு. மறுநாள் அதை அடிச்சிட்டு "செல்போன் வரமா சாபமா"ன்னு போட்டாங்க. இன்னும் எத்தனை வருஷம்தான் செல்போனையே விசாரிப்பீங்க?

இந்த இதழைப் படிக்கிறவங்கள்ல பலர் அரசுப் பள்ளியிலேர்ந்து வந்தவங்க. உங்க பழைய பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்குது. கழிப்பறை, குடிநீர், சுவர் பூச்சு, இதெல்லாம் பேசுவாங்க. பேசணும்தான். அடுத்த தடவை போறப்போ மூணு விஷயம் கேளுங்க: வெளி ஆள் யாராவது அசெம்ப்ளியில பேச வந்தா, என்ன பேசப் போறார்னு முன்கூட்டியே யார் பார்க்கிறாங்க? வகுப்புல ஒரு வாத்தியாரே பட்டப்பேர் வெச்சா, பையன் யார்கிட்ட போய்ச் சொல்லணும்? 2021 உத்தரவின் நகல் அலுவலகத்துல இருக்கா? மூணாவதுக்குப் பதில் "எந்த உத்தரவு?"ன்னு வரும். அதனால ஒரு பிரிண்ட் அவுட் கையோட எடுத்துட்டுப் போங்க. அல்லேலூயா இந்த மாசம் எடுத்துட்டுப் போறானாம், அவன் தங்கச்சி இன்னும் அங்கேதான் படிக்குது.