மலிவு எது?

தீபாவளி என்றதும் தொழிலாளி வீட்டில் கணக்கு ஆரம்பமாகிவிடுகிறது. போனஸ் பணம் கைக்கு வருமுன்பே அதற்குச் செலவு காத்து நிற்கிறது. கடைக்காரர் பாக்கி, மனைவிக்குச் சேலை, பிள்ளைகளுக்குச் சட்டை. எல்லாம் போக மிஞ்சுவதில்தான் பட்டாசு. "அடுத்த வீட்டுப் பையன் கொளுத்துவான், என் பிள்ளை வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதா?" என்று தகப்பன் மனம் கேட்கிறது. அந்த மனத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம்.

பண்டிகை வேண்டுமா, வேண்டாமா என்ற வாதத்தை இன்று நாம் எடுக்கவில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்ட தோழர், தன் காசையும் தன் குழந்தையின் கண்ணையும் எப்படிக் காப்பது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் காசு. '80 சதவிகிதம் தள்ளுபடி' என்று கடை வாசலில் பலகை தொங்குகிறது. ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்த பெட்டி இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதி எண்ணூறை வியாபாரி நமக்குத் தானம் செய்துவிட்டாரா? இல்லை. தள்ளிக் காட்டுவதற்காகவே ஏற்றிப் போட்ட விலை அது. எவ்வளவு குறைத்தார்கள் என்று பார்க்காதீர்கள். எவ்வளவு கொடுக்கிறோம், எத்தனை உருப்படி வாங்குகிறோம் என்று பாருங்கள். வண்ணப் படம் போட்ட பெரிய பரிசுப் பெட்டியைக் கண்டு மயங்க வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலைப் படியுங்கள். கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், பூச்சட்டி என்று பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் தனித்தனியாக வாங்கினால் செலவு நம் கையில் நிற்கும். கூட்டுறவுப் பண்டகசாலைகள் பல ஊர்களில் பட்டாசு விற்கின்றன. அங்கே விலை கேட்டுவிட்டுப் பிறகு கடைவீதிக்குப் போங்கள்.

இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரே கடையில் பேசினால் விலை இறங்கும். தனி ஆளுக்குக் கிடைக்காதது கூட்டத்துக்குக் கிடைக்கும் என்பது நமக்குப் புதிய பாடமா? ஆனால் ஒன்று: மொத்தமாக வாங்கிச் சங்க அலுவலகத்தில் குவித்து வைக்காதீர்கள். விலையைச் சேர்ந்து பேசுங்கள். சரக்கை அவரவர் வாங்கி அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். ரயிலில் கொண்டுபோகவே கூடாது. பிடிபட்டால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டம்.

கைபேசியில் வரும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை செய்தது. அதற்குப் பிறகும் 'பாதி விலை' என்று கூவி, பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துபோகும் மோசடிக்காரர்கள் இருக்கிறார்கள். உழைத்துச் சேர்த்த காசு அவர்களுக்கா?

இனி, எல்லாவற்றிலும் 'மலிவான' சரக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் இல்லை, விலாசம் இல்லை, ரசீது இல்லை. பழைய காகிதத்தில் சுற்றி, சாக்கில் போட்டுத் தரும் நாட்டு வெடி. 2021 நவம்பர் 4, தீபாவளி நாள். புதுச்சேரியையொட்டிய கோட்டக்குப்பத்தில், நாட்டு வெடிகளை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் தன் சின்னஞ்சிறு மகனோடு சென்றுகொண்டிருந்தார். வழியிலேயே வெடித்தது. தகப்பனும் மகனும் அந்த இடத்திலேயே மாண்டார்கள். மகனை மகிழ்விக்க எண்ணிய தகப்பனுக்கு நேர்ந்த கதி இது. இதுவா மலிவு?

அந்த மலிவு எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி, சாத்தூர் வட்டாரத்திலிருந்து வருகிறது. உரிமம் பெற்ற ஆலையிலேயே விதிகள் காற்றில் பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் கருகியதே சாட்சி. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் சுமார் இருபது பேர் மாண்டது இன்னொரு சாட்சி. அப்படியானால் உரிமமே இல்லாமல், வீட்டுத் திண்ணையிலும் தகரக் கொட்டகையிலும் மருந்து அடைக்கும் பெண்களின் நிலை என்ன? அந்தச் சரக்கின் விலை குறைவதற்குக் காரணம் வியாபாரியின் தாராள மனம் அல்ல. குறைந்த காசை ஒரு தொழிலாளி தன் உயிரைக் கொண்டு ஈடு செய்கிறாள்.

விற்கும் இடமும் அப்படித்தான். 2023 அக்டோபர் 7 அன்று தமிழக எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்து, அன்றைய தினமே 14 பேர் மாண்டார்கள். பலர் பண்டிகைக் கால வேலைக்காகத் தமிழகத்திலிருந்து போன இளைஞர்கள். தற்காலிகக் கடைகளுக்கு இடையே மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும், எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்டவேண்டும், உள்ளே திறந்த விளக்கு எரியக்கூடாது என்று 2008 ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள் சொல்கின்றன. ஏட்டில் இருக்கும் விதி கடைவீதியில் இருக்கிறதா என்று பார்ப்பது அதிகாரிகளின் கடமை. பண்டிகை வாரத்தில் மட்டுமல்ல, ஆண்டு முழுவதும் பார்க்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துகிறோம். உரிமம் உள்ள கடை, பெயர் உள்ள பெட்டி, கையில் ரசீது: இம்மூன்றும் இல்லாத இடத்தில் வாங்க மறுப்பது நமது கடமை. பெட்டியின் மேல் பசுமைப் பட்டாசு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தபின்? 2018 முதல் தமிழகத்தில் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் குறித்து வருகிறது. அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கவேண்டும். அடுப்பு இருக்கும் அறையில் பட்டாசை வைக்காதீர்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். இரண்டு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். கூரை வீடுகள் உள்ள தெருவில் ராக்கெட் வேண்டவே வேண்டாம். ஒரு பொறி ஒரு வரிசையையே சாம்பலாக்கும். பூச்சட்டியின் மேல் குனிந்து பற்றவைக்காதீர்கள். நீண்ட ஊதுவத்தியால் எட்ட நின்று பற்றவைத்து விலகுங்கள். வெடிக்காததை மறுபடி சீண்டாதீர்கள்; சற்றுப் பொறுத்துத் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பி மத்தாப்பு குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறோம். அதன் நுனியின் சூடு ஆயிரம் டிகிரியை எட்டும். எரிந்த கம்பியைத் தரையில் வீசாமல் வாளியில் போடுங்கள். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தை அதைத்தான் மிதிக்கும்.

தீப்புண் பட்டால் மை, மஞ்சள், பற்பசை எதுவும் தடவாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் மூடி, மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. அந்த நிமிடமே மருத்துவரிடம் செல்லவேண்டும். ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்புக்கு 101.

தோழர்களே! நமது கிளை ஒவ்வொன்றும் தன் தெருவில் ஒரு திறந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். தண்ணீர் வாளியோடு இரண்டு தோழர்கள் அங்கே நிற்கட்டும். தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடி மகிழட்டும். பட்டாசு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு மத்தாப்பு கிடைக்கட்டும். மறுநாள் காலையில் ஒரு தகப்பன்கூட மருத்துவமனை வாசலில் நிற்கக்கூடாது. அப்படி விடிந்தால்தான் நாம் வாங்கியது மலிவு.