முந்தி வரும் வசந்தம்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வசந்தம் என்பது பெரும்பாலும் காவியங்களில் வாசித்துச் சுவைத்த ஒரு ருதுவே அன்றி, உடம்பால் உணர்ந்து அறிந்த ஒன்றன்று. மாமரம் பூத்து, புங்கம் துளிர்த்து, வேம்பு பூச்சொரிவதை நாம் நின்று பார்ப்பதற்குள் கோடை தலைகாட்டிவிடுகிறது. நம் தேசத்தில் வசந்தத்தின் அருமையை அறிந்தவர்கள், அதற்காக மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும் காஷ்மீரத்து ஜனங்கள்தாம்.

அவர்களுடைய குளிர்காலத்துக்குத் திட்டமான ஒரு கணக்கு உண்டு. டிசம்பர் 21-ஆம் தேதி தொடங்கும் முதல் 40 நாட்களுக்குச் சில்லை கலான் என்று பெயர். ஏரியின் மேற்பரப்பும் குழாயிலுள்ள தண்ணீரும் ஒருங்கே உறைந்துபோகும் உக்கிரமான காலம் அது. அதன்பின் 20 நாட்கள் சில்லை குர்த். கடைசிப் பத்து நாட்கள் சில்லை பச்சா. இந்த 70 நாட்களும், முழங்கால் வரை தொங்கும் ஃபேரன் என்னும் தளர்ந்த அங்கியும், அதற்குள்ளே வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்ரி என்னும் கணப்புச் சட்டியுமே மனிதர்களுக்குத் துணை. கோடையிலேயே அரிந்து வெயிலில் உலர்த்திச் சேமித்துவைத்த கத்தரி வற்றலும் சுரைக்காய் வற்றலும் தக்காளி வற்றலும் அடுப்படியில் ராஜ்யம் நடத்தும்.

இத்தகைய வாசத்துக்குப்பின் வரும் வசந்தத்தின் அடையாளங்கள் முதலில் வானத்திலோ வனத்திலோ தோன்றுவதைக் காட்டிலும் வீட்டுக்குள்ளேயே தோன்றுகின்றன எனலாம். தகரக் கூரையில் இறுகிக் கிடந்த பனிப்பாளம் ஒரு நடுப்பகலில் சரிந்து பொத்தென்று முற்றத்தில் விழுகிறது. காங்ரியின் மண்சட்டியில் கரி நிரப்ப மறந்துபோகும் முதல் காலைப் பொழுது வருகிறது. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. ஈர நிலத்தில் தானாக முளைத்த ஹந்த் என்னும் கீரையைப் பெண்கள் கத்திமுனையால் வேரோடு கிளறிக் கூடையில் சேர்க்கிறார்கள். ஹோகர்சர் சதுப்பு நிலத்தில் குளிர்காலத்தைக் கழித்த வாத்துகளும் காட்டுத் தாராக்களும் வடதிசை நோக்கித் திரும்புகின்றன. ஸ்ரீநகரில் ஹரி பர்வதத்தின் அடிவாரத்திலுள்ள பாதாம்வாரித் தோட்டத்தில், ஓர் இலைகூடத் துளிர்க்காத கரிய கிளைகளின் மேல், அடியில் சிவந்தும் விளிம்பில் வெளுத்தும் ஐந்து இதழ்களோடு பாதாம் பூக்கள் விரிய, குடும்பங்கள் சமோவாரில் உப்புத் தேநீரைச் சுமந்துகொண்டு அந்த மரத்தடிகளுக்கு வந்து சேருகின்றன.

காஷ்மீரப் பண்டிதர்கள் சைத்திர மாதத்துச் சுக்கில பட்சப் பிரதமையை நவ்ரே என்னும் புத்தாண்டாகக் கொண்டாடுகிறார்கள். முந்தின இரவே ஒரு தாம்பாளத்தில் அரிசி, தயிர், அக்ரோட்டு, நாணயம், எழுதுகோல், கண்ணாடி, பஞ்சாங்கம், புஷ்பம் இவற்றோடு வசம்பையும் வைத்து, விடிந்ததும் முதன்முதலாக அதில் விழிக்கிறார்கள். கோவையிலும் குமரி மாவட்டத்திலும் சித்திரைக் கனி காண்பவர்களுக்கு இந்தச் சம்பிரதாயத்தை விளக்க வேண்டியதில்லை. 1990-ஐ ஒட்டிப் பள்ளத்தாக்கை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பங்கள், ஜம்முவிலும் டில்லியிலும், பாதாம் பூக்காத தெருக்களில் இருந்துகொண்டே இதை விடாமல் நடத்திவருகின்றன.

ஆனால் வெளியூர்ப் பிரயாணிகளுக்கு, நம்மவர்கள் உட்பட, காஷ்மீர வசந்தம் என்றால் ஜபர்வான் மலைச்சாரலில் 2007-இல் திறக்கப்பட்ட டூலிப் தோட்டமே. அதன் அழகைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் அது ஆண்டுதோறும் கிழங்கு நட்டு உண்டாக்கும் காட்சி. பள்ளத்தாக்கின் வாழ்வை நிர்ணயிக்கும் மலர் ஆப்பிள் மலர். இந்தியாவில் விளையும் ஆப்பிளில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஜம்மு காஷ்மீரத்திலிருந்தே வருகிறது. அந்த மரத்துக்கு ஒரு நியதி உண்டு: இலையுதிர்ந்து உறக்கத்தில் ஆழ்ந்த மொட்டு, உரிய அளவு குளிரை அனுபவித்துத் தீர்த்தாலன்றி ஒழுங்காக விழிக்காது. பல ரகங்களுக்கு 7 டிகிரிக்கும் குறைந்த குளிர் ஏறத்தாழ 1,000 மணி நேரமாவது வேண்டும். ஆகையால் குளிர்காலம் வசந்தத்தின் விரோதியன்று; அதன் சூல்காலம். அந்தக் காலம் நிறைவதற்குமுன் வரும் வசந்தம், பாதி வேக்காட்டில் அடுப்பை விட்டு இறக்கிய சோற்றுக்கே ஒப்பாகும்.

அண்மைக்காலத்தில் வசந்தம் இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது. 2024 ஜனவரியில், பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க் சரிவுகள் பனியின்றிப் பழுப்பேறிக் கிடந்தன. 2025 பிப்ரவரியில், அங்கு நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் பனியின்மையால் ஒத்திவைக்கப்பட்டன. அதே மாதத்தில், மொகலாயர் காலத்துத் தோட்டத்துக்கு உயிராக இருந்த அச்சபல் நீரூற்று வறண்டுபோயிற்று. பிப்ரவரியிலேயே வெயில் ஏறினால் மொட்டுகள் முந்தி அவிழ்கின்றன. பின்பு வரும் உறைபனியோ ஆலங்கட்டி மழையோ பூவையும் பிஞ்சையும் கருக்கிவிடுகிறது. தேனீக்களும் போதிய சூடில்லாமல் கூட்டை விட்டு வெளிவருவதில்லை. மலைமேல் தங்கி, மெல்ல மெல்ல உருகி, நாற்று நடும் காலத்தில் வயலுக்கு வந்து சேரவேண்டிய நீரும் இல்லாமற்போகிறது.

கரிக்கும் விறகுக்கும் பணமில்லாத ஏழைக்குக் குளிர் குறைவது நன்மைதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே, குளிரின் கொடுமையை அனுபவிக்காதவர்கள் அதன் பெருமையைப் பேசுவது எளிது. ஆனால் ஜனவரியில் மிச்சமாகும் விறகுக் காசைக் காட்டிலும், செப்டம்பரில் காய்க்காமல் போகும் தோட்டத்தினால் அந்த ஏழை இழக்கும் கூலி அதிகம். அவனுக்கு வேண்டியது கதகதப்பான வீடும் மலிவான எரிபொருளுமே அல்லாமல், பொய்த்துப்போன பனிக்காலம் அன்று.

பனி பெய்யாத செய்தியை நாம் இதுகாறும் சுற்றுலாப் பக்கத்திலும் விளையாட்டுப் பக்கத்திலும் வாசித்துவந்தோம். அது விவசாயச் செய்தி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் நம் மாவட்டங்களில் வறட்சி நிவாரணம் கேட்கிறோம், அரசும் அதற்குச் செவிசாய்க்கிறது. பனி பொய்ப்பதும் அதற்கிணையான வறட்சியே என்று கருதி, அந்த வசந்தத்திலேயே, அறுவடை நஷ்டம் வரும்வரை காத்திராமல், காஷ்மீரத்துத் தோட்டக்காரனுக்கும் உழவனுக்கும் உதவ முன்வருவது மத்திய அரசின் கடமையாகும்.